குடுத்துப்போட்ட பாட்டு

பஸ்காரன் கதவைத் திறக்க மாட்டான், தம்பி. நானும் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன். தரிப்பிடத்தில்தான் திறப்பானாம், சட்டமாம். முன்னால் லொறி ஒன்று குறுக்கே நிற்கிறது. தரிப்பிடம் அந்தா, கல்லெறி தூரத்தில். எங்களை உள்ளே வைத்துப் பூட்டிப்போட்டு அவன் பேப்பர் பார்க்கிறான். இரும். எங்கே போகப்போகிறோம்?

காதில் மாட்டியிருந்ததை நீர் கழற்றின உடனே கொஞ்சம் சத்தம் வெளியே வந்தது. அதிலேதான் பிடித்தேன், எங்கட ஆள் என்று. பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தனீர், என்ன? கேளும், நல்லாக் கேளும். ஆனால் கேட்கிறதோடு நிற்பாட்டும். பாடப் போகாதேயும். நான் ஒரு தரம், ஒரேயொரு தரம், அந்நியர் வீட்டில் வாயைத் திறந்தேன். ஒரு கோடை முழுக்க என்னைப் பிடித்து உள்ளே போட்டமாதிரி ஆகிவிட்டது. லொறி எடுக்கும்வரை சொல்லுகிறேன்.

எனக்குப் பெயர் சந்தியாம்பிள்ளை. எங்கட ஊர் கடற்கரை, வேதக்கார ஊர். மாதா கோயிலும் கடலும்தான். ஐந்தாம் வகுப்போடு நான் வள்ளத்துக்குப் போய்விட்டேன், படிப்பு அவ்வளவுதான். இங்கே வந்த புதிதில் அயர்லாந்துக்காரி ஒருத்தியின் குடிக்கடையில் குசினியில் சமையல் வேலை கிடைத்தது. மோரீன் என்று பெயர். புருஷன் செத்து, தனியாகக் கடையை நடத்தினவள். பெரிய சத்தக்காரி. மேல்மாடியில் எனக்கு ஓர் அறையும் தந்திருந்தாள். வேலையும் அவள் கையில், கூரையும் அவள் கையில். இதை மனதில் வைத்துக்கொள்ளும், பிறகு 'ஏன் உண்மையைச் சொல்லவில்லை' என்று என்னைக் கேட்கக் கூடாது. என் பெயர் அவர்கள் நாக்கில் நிற்கவில்லை. சாண்டி ஆக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அயர்லாந்துக்காரர் எல்லாம் அங்கேதான். வயது போன மனிசர். இந்த லண்டனின் தெருவும் சுரங்கமும் அவர்கள் கிண்டினது. கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். கிழமை முழுக்க வாய் திறவாத ஆட்கள், ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிய, தட்டுகளை ஒதுக்கிப்போட்டு ஒவ்வொருத்தராய்ப் பாடுவார்கள். மேளம் தாளம் ஒன்றும் இல்லை, வெறும் வாய். ஒரு மலை, ஒரு ஆறு, கப்பல் ஏறிப் போன ஒருத்தன், கரையில் நிற்கிற தாய். எல்லாப் பாட்டிலும் ஆரோ கப்பல் ஏறுவான். ஒருத்தனும் இறங்கினதாக நான் கேட்கவில்லை.

பாட்ஸி என்று கன்னம் உப்பின ஒரு சொக்கைக்காரன், தன் ஊர் ஆற்றைப் பற்றிப் பாடுவான். கண்ணீர் தாடையால் வழியும். அதுக்கு முந்தின கோடை அந்த ஊருக்கு இரண்டு கிழமை லீவில் போனவன்தான். அரைவாசியில் திரும்பி வந்து, "ஒரே மழை, கதைக்க ஒரு நாய் இல்லை" என்று திட்டினவன். ஞாயிறு வந்தால் பழையபடி ஆறு, பழையபடி கண்ணீர். எனக்குச் சிரிப்பு வரும். குசினிக்கும் கடைக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற சின்ன யன்னல் ஒன்று, அதுக்குள்ளால் பார்ப்பேன். அங்கேயே நின்றேன் என்று நினையாதேயும். வேலைக்கு நடுவில்தான்.

அவர்களுக்குள் சில சட்டம் உண்டு. பாடி முடித்தவருக்குத்தான் அடுத்து ஆர் பாடவேண்டும் என்று பெயர் சொல்லுகிற உரிமை. பெயர் விழுந்தால் தப்ப ஏலாது. தொண்டை சரியில்லை, வெட்கமாக இருக்கு, ஒன்றும் செல்லாது. அடுத்தது, ஆளுக்கு ஒரு பாட்டு. ஆறு என்றால் அது பாட்ஸியின் பாட்டு. பாட்ஸி உயிரோடு இருக்கும்வரை வேறொருத்தன் அதைத் தொடமாட்டான். உம்முடைய மனிசியை நான் தொடுவேனா, அப்படி.

இப்படிப் பல வருசம் போக, உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு ஞாயிறு. டோனல் பாடினான். டோனல் மேற்குக் கரையோரத்து மனிசன், எழுபது தாண்டினவன், சுரங்கத்துத் தூசி ஏறின நெஞ்சு. அவன் பாடுகிறது தங்கட பழைய பாஷையில். அங்கே இருக்கிற பாதிப்பேருக்கே அது விளங்காது, எனக்கு எப்படி விளங்கும்? ஆனால் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் கத்தி நின்றுவிட்டது. பாடி முடித்தவன் யன்னல் பக்கம் திரும்பினான்.

"குசினிக்குள்ளை நிக்கிற மனிசன்," என்றான்.

ஏப்ரனைக்கூடக் கழற்ற விடவில்லை. நடுவில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்குச் சினிமாப் பாட்டு எத்தனை தெரியும் தெரியுமோ? ஒன்றும் வரவில்லை. மாதா பாட்டு ஒன்றைத் தேடினேன், அதுவும் இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தேன். வந்தது என்ன? ஒப்பாரி!

சிரியாதேயும். எங்கட அப்பு வாடைக் காற்றுக் காலத்தில் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. நான் அப்போது நடக்கப் பழகின வயது தாண்டியிருப்பேன். அம்மா என்னை மடியில் குப்புறப் போட்டு, என்மேல் கவிழ்ந்து கிடந்து பாடினாள். அதைக் காதால் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். அவள் நெஞ்சு அதிர அதிர என் முதுகால் இறங்கினது.

வாடைக்குப் போன வள்ளம் வரிசையாய் வந்திருக்கு, என்ர ராசா,
ஓடிவந்து பார்த்த எனக்கு ஒருவள்ளம் குறையுதையோ.
பெட்டியிலை கூறைச் சேலை பேச்சின்றிக் கிடக்குதையோ, என்ர ராசா,
கட்டினவர் கைகழுவிக் கடலோடை போனதென்ன.

இன்னும் அடிகள் இருக்கு. பஸ்ஸுக்குள் இதுக்குமேல் சொல்லமாட்டேன். எங்கட ஊரில் ஒப்பாரியைச் சும்மா முணுமுணுத்தாலே விளக்குமாற்றால் அடி விழும். உயிரோடு இருக்கிற வீட்டில் பாடினால் வீடு அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும் என்பார்கள். செத்தவீடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்குமாம்.

பாடி முடித்தேன். பாட்ஸி மூக்கைத் துடைத்தான். மோரீன் கண் கலங்கிப்போய் வந்தாள்.

"என்ன பாட்டு அது, சாண்டி?"

அவளுடைய கடை. அவளுடைய சாப்பாட்டு மேசை. ஞாயிற்றுக்கிழமை. 'அம்மா, இது பிணத்துக்கு முன்னால் பாடுகிறது' என்று சொல்ல ஏலுமோ? நீர் என்றால் சொல்லுவீரோ?

"கலியாணப் பாட்டு," என்றேன்.

பொய் என்று சொல்லாதேயும். கூறைச் சேலை வருகுதோ இல்லையோ?

அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பாட்ஸி என் பெயர் சொன்னான். நான் கெட்டித்தனமாக நல்லதொரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டேன், கையை ஆட்டி ஆட்டி. மரியாதைக்குக் கை தட்டினார்கள். தட்டிவிட்டு, "இனி உன்ர பாட்டைப் பாடு," என்றார்கள். விளங்குதோ? என் கழுத்தில் அதைக் கட்டிவிட்டார்கள். மோரீனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட முதல் பாடினேன். பாட்ஸியின் மகன் வீடு வாங்கினதுக்குப் பாடினேன். ஞானஸ்நானம் கொடுத்து வந்த கைக்குழந்தை ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அதைப் பார்த்து 'என்ர ராசா' என்று பாடினேன், தம்பி. அது பொக்கைவாயால் சிரிக்குது. பின்னேரமே ஓடிப்போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன், அம்மா தாயே, இது எண்ணிக்கையில் சேராது என்று.

ஞாயிறு விடிய எழும்பிச் சவரம் எடுத்து, சேட்டு மினுக்கிப் போடுவேன். அது கர்த்தருடைய நாள் என்பதுக்காக. சனிக்கிழமைகளில் நித்திரை வராது, அது முதுகுவலி. வேறை என்ன? ஒருத்தரும் பெயர் சொல்லாமல் நேரம் போனால் நான் யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, "தட்டு ஏதும் இருக்கோ?" என்று கேட்பேன். தட்டுக்காகத்தான்.

உயிர்த்த ஞாயிறு கழிய என் மனிசி றெஜினா வந்து சேர்ந்தாள். எத்தனை வருசக் காத்திருப்பு. அவ்வளவு காலமும் அங்கே என் அம்மாவைப் பார்த்தது அவள்தான். அம்மாவை என் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தாள். எனக்கு இங்கே அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம் ஒன்று தந்திருந்தார்கள். அதில் அடித்திருக்கும், எல்லா நாட்டுக்கும் போகலாம், ஒரு நாட்டைத் தவிர என்று. அந்த ஒரு நாட்டில் அம்மா. மற்ற நாடுகளில் எனக்கு என்ன அலுவல்?

றெஜினாவுக்கு அந்தப் பாட்டுத் தெரியும். எங்கட கரையில் தெரியாத பெண்பிரசை இல்லை. கேட்டாளோ, என்னைத் தின்றுவிடுவாள். அதனால் சொன்னேன், "ஞாயிற்றுக்கிழமையிலை கீழை இறங்காதை. குடிகாரர் நிறைஞ்சு கிடப்பினம். மரியாதையான பொம்பிளையள் வாற இடமில்லை."

"மற்ற நாளிலை?"

"மற்ற நாளிலை பாசை தெரியாமல் இறங்கி என்ன செய்யப்போறாய்?"

"அப்ப எனக்கு இது பூட்டின மறியல்தான்," என்றாள். "அங்கை பிடிச்சு வைச்ச ஆமிக்காரனாவது பின்னேரம் கதவைத் திறந்து விட்டவன்."

பகிடிக்காரி. நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மேலே போனேன். யன்னலடியில் நிலத்தில் இருந்தாள்.

"கீழை ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை, அது ரீவி."

"நல்லாத்தான் பாடுது உங்கட ரீவி. ஆனால் 'கைகழுவி' எண்ட இடத்திலை மூச்சை விடுது. மாமி விடமாட்டா."

பாரும், ரீவிக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? பயணக் களைப்பு இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். அவளுக்கு வெறும் நிலத்தில் இருக்கிற பழக்கம். கதிரை வாங்கிக் கொடுத்தும் நிலத்தில்தான்.

இப்படி இருக்க, மோரீனின் மகள் ஷிவோனுக்குக் கலியாணம் வந்தது. ஜூன் மாதம். மோரீன் குசினிக்குள் வந்து என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"கோயிலாலை வந்த உடனை, சாப்பாட்டுக்கு முதல், பொம்பிளையும் மாப்பிள்ளையும் நடுவிலை நிப்பினம். நீ அவைக்கு முன்னாலை நிண்டு பாடுறாய்."

"மோரீன், என்னட்டை வேறை நல்ல பாட்டு..."

"வேறை என்னத்துக்கு? கலியாணத்துக்குக் கலியாணப் பாட்டுத்தானே பாடுறது?"

இதுக்கு நீர் ஒரு மறுமொழி சொல்லும் பார்ப்போம். சின்னப்பிள்ளை அது, ஷிவோன். நான் வேலைக்கு வந்தபோது சட்டிக்குள் கைவிட்டு உருளைக்கிழங்கு எடுத்துத் தின்றுகொண்டு ஓடினது. அதின் முகத்தைப் பார்த்து, கட்டினவன் கடலோடு போனான் என்று நான் பாடவேண்டும். பாடமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் பிறந்தநாளுக்கும் ஞானஸ்நானத்துக்கும் என்ன பாடினேன் என்று தெரிந்துவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டியதுதான், புதிதாக வந்த மனிசியோடு. முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது. இந்தா, இந்த பஸ் மாதிரி.

டோனலிடம் போனேன். அவன் தனியாள், வாய்க்கால் பக்கம் ஒரு சின்ன வீடு. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"டோனல், கலியாணத்திலை என்ர பெயரை ஆரும் சொல்லாமல் நீ பார்த்துக்கொள்ளவேணும்."

"ஏன், உன்ர கலியாணப் பாட்டுக்கு என்ன வந்தது?"

நான் நிலத்தில் கிடந்த தோலைப் பொறுக்கினேன். அவன் கத்தியை வைத்தான்.

"சாண்டி, நான் பிறந்த இடத்திலை செத்தவீட்டுக்குப் பாடி அழுறதுக்கெண்டே பொம்பிளையள் இருந்தவை. என்ர பெரியம்மாவும் ஒருத்தி. கலியாணப் பாட்டிலை மூச்சு மேலை ஏறும். உன்ர பாட்டிலை மூச்சு படி இறங்குது. முதல் நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஞாயிறு ஞாயிறு கேட்டனீயோ!"

"என்ர தம்பி இஞ்சை சுரங்கத்துக்குள்ளை மண் சரிஞ்சு செத்தவன். இஞ்சைதான் குழி வெட்டித் தாட்டது. ஒருத்தி வந்து அழயில்லை. கம்பனி ஆக்கள் தொப்பியைக் கழட்டினவை, அவ்வளவுதான்." திரும்பவும் உருளைக்கிழங்கை எடுத்தான். "அதுக்குத்தான் கேட்டனான்."

அப்போதுதான் வழி சொன்னான். பாட்டை இன்னொருவருக்குக் கொடுக்கலாமாம். அது அவர்களுடைய பழைய சட்டம். கொடுத்துவிட்டால் அது வாங்கினவருடைய பாட்டு. அதுக்குப் பிறகு கொடுத்தவரை அந்தப் பாட்டுக்கு ஒருத்தரும் கூப்பிட ஏலாது.

"ஆனால் ஒண்டு," என்றான். "தந்தது தந்ததுதான். நான் இருக்குமட்டும் நீ பாடக் கூடாது. யோசிச்சுச் சொல்லு."

"என்ன யோசனை? எடுத்துக்கொண்டு போ," என்றேன். "பீடை விட்டுது."

பின்னேரங்களில் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். தமிழ் ஒரு சொல்லுத் தெரியாத மனிசன், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொல்சொல்லாய், மூச்சு மூச்சாய் வாங்கினான். கருத்துச் சொல்லப் போனேன், வேண்டாம் என்றான். "கருத்துத் தெரிஞ்சால் நான் நடிக்கத் தொடங்கிவிடுவன்." கடைசி நாள் முழுக்கப் பாடிக் காட்டினான். நான் யன்னலால் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் கை கொடுத்தான், மாட்டுச் சந்தையில் மாடு கைமாறின மாதிரி. வீட்டுக்கு நடந்தே வந்தேன். உடம்பு இலேசாக இருந்தது. சரியான இலேசு. காற்று அடித்தால் விழுந்துவிடுவேன் போல.

கலியாணம் வந்தது. இனிப் பயம் இல்லைத்தானே, றெஜினாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கூறைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். அயர்லாந்துப் பொம்பிளையள் சுற்றி நின்று கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கலியாணப் பொம்பிளை என்ற உரிமையில் ஷிவோன் என் பெயர் சொன்னாள். நான் எழும்பினேன்.

"என்ர பாட்டை டோனலுக்குக் குடுத்துப்போட்டன்."

பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னமாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. டோனல் எழும்பினான். "மெய்தான், என்னட்டைத்தான் இருக்கு. இண்டைக்கு எனக்கு நெஞ்சு சரியில்லை." பெயர் விழுந்தது அவனுக்கு இல்லைத்தானே, சாட்டுச் செல்லும். அப்படிச் சொல்லிப்போட்டு மாப்பிள்ளையின் மாமன்காரனைக் காட்டினான். மாமன் ஒரு தூசணப் பாட்டை எடுத்துவிட்டான். கோயில் சுவாமியார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் வென்றுவிட்டேன், தம்பி. இரண்டு தட்டு இறைச்சி சாப்பிட்டேன்.

என்ன சொன்னனீங்கள் என்று றெஜினா கேட்க, ஒரு பாட்டை டோனலுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்; அதோடு அவள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி நீ ஞாயிற்றுக்கிழமையிலையும் கீழை வரலாம்," என்று பெரிய மனதோடு சொன்னேன்.

"இனி என்னத்துக்கு?" என்றாள்.

பொம்பிளை மனம். வராதே என்றால் கோபம், வா என்றாலும் கோபம்.

பிறகு நிம்மதி. ஞாயிறு வரும், பாடுவார்கள், ஆறு, மலை, கப்பல். என்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். கொடுத்தவனைக் கூப்பிடுகிறது மரியாதை இல்லை. டோனலும் அதைப் பாடவில்லை, தன் பழைய பாட்டைத்தான் பாடினான். நான் என் பாட்டில் வேலையைப் பார்த்தேன். இரண்டு மூன்று தரம் இறைச்சி கருகிப்போனது, அது அடுப்பில் பிழை. "சாண்டி, ஏன் யன்னலடியிலை நிக்கிறாய்?" என்று மோரீன் கேட்டாள். வெக்கை தாங்கேலாமல் நின்றேன்.

ஆடி மாதம் தங்கச்சியிடம் இருந்து செய்தி வந்தது. அந்தக் காலத்தில் எங்கட பக்கம் ரெலிபோன் இல்லை. ஆரோ வவுனியாவுக்கு வந்து, ஆருக்கோ சொல்லி, அவர் இங்கே ஒருத்தருக்கு எடுத்துச் சொல்லி. அம்மா போய்விட்டாள். எங்களுக்குத் தெரியவர முதலே தாட்டு முடிந்திருந்தது.

நான் கட்டிலில் இருந்தேன். றெஜினா தலைமயிரை அவிழ்த்துவிட்டு வாயைத் திறந்தாள். ஒரு சத்தம்தான் வந்திருக்கும், நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். கீழே கடை நடக்குது. சனம் சாப்பிடுது. மேலே இருந்து இப்படி ஒரு சத்தம் கேட்டால் பொலிசைக் கூப்பிடுவார்கள். வேறை என்ன செய்யச் சொல்லுகிறீர்? அவள் என் கையைப் பிடுங்கி எறிந்தாள்.

"அப்ப நீங்கள் பாடுங்கோ. கீழை பாடினமாதிரிப் பாடுங்கோ."

"கீழையோ? அது ரீவி..."

"சும்மா இருங்கோ! ஞாயிறு ஞாயிறு நிலத்திலை காதை வைச்சுக் கேட்டனான். மாமியின்ர குரலைக் கேட்கத்தான் அந்த நாள் எப்ப வரும் எண்டு இருந்தனான்."

"ஏன் சொல்லயில்லை?"

"சொன்னால் நிப்பாட்டிப்போடுவியள்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பாடுங்கோவன்," என்றாள், இந்த முறை மெதுவாக. "இப்பதானே அது பாடுற நேரம்."

"ஏலாது. கலியாண வீட்டிலை சொன்னன்தானே. அது இப்ப டோனலின்ர பாட்டு. அவன் இருக்குமட்டும் நான் பாடக் கூடாது. சட்டம்."

றெஜினா அவிழ்த்த தலைமயிரைத் திரும்ப முடிந்தாள். "பெத்த தாயின்ர பாட்டை ஆருக்கோ குடுத்துப்போட்டு வந்து நிக்கிறியளே," என்றாள். அதோடு பேச்சில்லை. அறை முழுக்க இரண்டு கட்டில் அகலம். அதுக்குள் பேசாமல் இரண்டு பேர் இருந்து பாரும்.

நான் மோரீனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. லீவும் கேட்கவில்லை. அழவும் இல்லை. இங்கே இருந்து அழுது அங்கே ஆருக்குக் கேட்கப்போகுது?

ஞாயிறு வந்தது. குசினியில் நின்றேன். பாட்ஸி ஆற்றைப் பாடி முடித்து, அடுத்த பெயர் சொல்ல வாயெடுத்தான். மாடிப்படிக் கதவு திறந்தது. றெஜினா. வெள்ளைச் சேலை. நேரே நடந்து போய் டோனலுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலிஷ் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

"சாண்டி மதர்," என்றாள். "கோன்." பிறகு, "சோங்."

ஆட்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். பாடினவருக்குத்தானே பெயர் சொல்ல உரிமை. இவள் பாடவில்லை, கேட்க ஏலாது. டோனல் பாட்ஸியைப் பார்த்தான். பாட்ஸி எழும்பித் தன் தொப்பியைக் கழற்றினான்.

"என்ர முறையை இந்த அம்மாவுக்குக் குடுத்திட்டன்," என்றான்.

டோனல் என்னை வெளியே வரச்சொன்னான். வேலை கிடக்கு என்றேன். மோரீனே வந்து கையில் இருந்த கரண்டியை வாங்கினாள். டோனலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். அவன் என் வலக்கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு வழக்கமாம். பெரிய பாட்டுப் பாடும்போது பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்து, கிணற்றுக் கப்பி சுற்றுகிற மாதிரி மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டு பாடுவார்களாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

பாடினான். சொற்களில் அங்கங்கே பிழை இருந்தது, திருத்தவேணும் என்று நினைத்தேன். ஆனால் 'ஓடிவந்து பார்த்த எனக்கு' என்ற இடத்தில் அம்மா இழுக்கிற அந்த இழுப்பு இருந்தது. ஆண்குரல், கரகரத்த குரல், உருளைக்கிழங்கு மணக்கிற ஒரு வெள்ளைக்காரன். அதுக்குள் அம்மா. என் முதுகு கொதித்தது.

கூறைச் சேலை அடியில் இருமல் வந்து நின்றுவிட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் தேடுகிறான். அந்த இடைவெளிக்குள் றெஜினா எடுத்தாள். அவளுக்கு அவர்களுடைய சட்டம் என்ன தெரியும்? என் இடப்பக்கம் நிலத்தில் இருந்து, மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

பாலூட்டி வளர்த்தபிள்ளை பரதேசம் போனதெண்டு, என்ர மாமி,
வேலியிலை கைபிடிச்சு வெளிபார்த்து நிண்டியளே.

இது அம்மாவின் பாட்டில் இல்லாத அடி. எங்கே எடுத்தாள் என்று கேட்கவேண்டியதில்லை. வேலியடியில் அம்மா நின்றதைப் பார்த்தவள் அவள்தானே. எனக்கு இத்தனை வருசமும் ஒருத்தரும் சொல்லவில்லை.

பிறகு என்ன நடந்தது என்று எனக்கு வடிவாக ஞாபகம் இல்லை. என்னில் இருந்து ஒரு சத்தம் வந்தது. பாட்டு இல்லை. பாட்டுப் பாடத்தானே எனக்குத் தடை.

அது கொஞ்சம் அடங்க, மோரீன் முன்னால் நின்றாள். சத்தக்காரி, அன்றைக்கு மெதுவாகக் கதைத்தாள்.

"சாண்டி, இதுதானே என்ர ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பாடினது?"

தலையாட்டினேன். சரி, பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவள் திரும்பிப் போனாள். போய் மேசைவிரிப்பு ஒன்றை உதறி, போத்தல்களுக்குப் பின்னால் இருந்த பெரிய கண்ணாடியை முழுக்க மூடினாள். தெருக்கதவைப் பூட்டி, 'கடை இல்லை' என்ற பலகையைத் திருப்பிவிட்டாள். குசினிக்குள் போய் அடுப்பை நூர்த்து அணைத்தாள்.

"என்ன செய்யிறாய், மோரீன்? சாப்பாடு அடுப்பிலை."

"எங்கட ஊரிலை செத்தவீட்டிலை கண்ணாடியை மூடுறது," என்றாள்.

செத்தவீடு! அவளுடைய கடையை, ஞாயிற்றுக்கிழமை யாவாரத்தை விட்டுவிட்டு, அவளே செத்தவீடு ஆக்கினாள். என் அம்மாவுக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் தாட்டாயிற்று, இந்தப் பக்கம் செத்தவீடு. நான் எழும்பிப் போய் அடுப்பையாவது பார்ப்போம் என்று பார்த்தேன். விடவில்லை. எல்லாரும் வரிசையில் வந்தார்கள், பாட்ஸி முதல். ஒவ்வொருத்தரும் குனிந்து, ஒரே வசனத்தைச் சொன்னார்கள், உன் துன்பத்துக்காக வருந்துகிறேன் என்று. கை கொடுக்க என்னிடம் கை இல்லை. ஒரு கை டோனலிடம், ஒரு கை றெஜினாவிடம். தோளைத் தொட்டுவிட்டுப் போய்த் திரும்பவும் இருந்தார்கள். ஒருத்தரும் வெளியே போகவில்லை.

"விடுங்கோ, எனக்கு வேலை கிடக்கு," என்று தமிழில் சொன்னேன், இங்கிலிஷில் சொன்னேன். கேட்டார்களோ? விளக்கு வைக்கிற நேரம்வரை, தம்பி, இரண்டு பக்கமும் பிடித்தபடியே வைத்திருந்தார்கள்.